ஏலக்காய் மூட்டையில் போன சேலை

எங்கள் வீட்டு நாட்காட்டியில் அன்றன்றைய வானிலையைக் குறித்து வைப்பது என் வழக்கம். ஜூன் பிறந்து சில நாளில் ஒரு கட்டத்துக்குள் "மழை" என்று எழுதுவேன். அப்புறம் ஓணம் நெருங்கும் வரை எல்லாக் கட்டத்திலும் "மேற்படி"தான். "பெய்யாத அன்னைக்கு மட்டும் எழுதுனா மை மிச்சம்ல?" என்பார் என் கணவர். அவருக்குச் சரித்திர உணர்வு குறைவு. எந்த வருஷம் தோட்டத்துப் பாலம் முங்கியது, எந்தக் கிழமையில் பள்ளிக்கூடத்து ஓடு பறந்தது என்று லயத்தில் வழக்கு வந்தால் தீர்ப்புக் கேட்டு என்னிடம்தான் வருவார்கள். அதை அவர் வசதியாக மறந்துவிடுவார்.

குமுளிக்கு மேலே, சக்குபள்ளத்தை ஒட்டிய ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், வேலைக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. நான் தமிழ்வழிப் பள்ளியில் டீச்சர். அவர் தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர்.

நான் படித்த நாவல்களில் மழை பெய்தால் கதாநாயகி சன்னலோரம் நின்று யாரையாவது நினைத்துக்கொள்வாள். அவளுடைய உள்பாவாடை காய்ந்ததா என்று எந்த ஆசிரியரும் எழுதியதில்லை. எங்கள் மழைக்காலத்தில் அதைத் தவிர வேறு கேள்வியே கிடையாது. துவைத்ததை வெளியே போட முடியாது. உள்ளே போட்டால் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டால் காயும். ஆனால் கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று காய்ந்த ரவிக்கையோடு மாதா கோயில் பூசைக்குப் போனால் பக்கத்தில் முழந்தாளிட யாரும் வரமாட்டார்கள். உப்பு ஜாடியில் உப்பு கரைந்து தண்ணீராக நிற்கும். செருப்பில் பச்சை ரோமம் முளைக்கும். வாயனசாலையிலிருந்து எடுத்துவந்த புத்தகம் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு மடங்கு தடித்திருக்கும். நூலகர் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார், நானே நாலு அத்தியாயம் எழுதிச் சேர்த்துவிட்டதைப்போல.

முன்பெல்லாம் துணி அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு எரிய வைப்போம். அந்தச் சூட்டில் ஈரம் அடங்கி இருக்கும். அப்புறம் எல்.இ.டி. பல்பு வந்தது. வெளிச்சம் கூடியது, மின்கட்டணம் குறைந்தது, சூடு போயே போய்விட்டது. இப்போது அலமாரிக்குள் விளக்குப் போட்டால், சேலையில் பூசணம் பூத்திருப்பது நன்றாகத் தெரிகிறது. அவ்வளவுதான் பலன்.

தோட்டத்தில் மழைக்காலம் முழுக்க உலர்ந்தே கிடக்கும் இடம் ஒன்றுதான் உண்டு, ஸ்டோர். பறித்த பச்சைக்காயை உலர்த்தும் கட்டடம் அது. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றிவரும். கம்பிவலைத் தட்டுகளில் பரப்பிய காய், பச்சை நிறம் மாறாமல் மெல்லக் காயும். அந்த அறையில் சற்று நின்றால் எலும்புக்குள் இறங்கிய ஈரம்கூட வெளியே வந்துவிடும்.

ஆனால் நிற்க விடமாட்டார். காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது என் கணவரின் இரண்டாவது வேதம். சோப்பு, பவுடர், மல்லிகைப்பூ எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. ஒருமுறை தலைவலித் தைலம் தடவிய நெற்றியோடு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தூக்குவாளியை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு நெற்றியை வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

போன மழைக்காலத்தில் அந்தக் கதவைத் திறக்க வைக்க வேண்டிய கட்டாயம் வந்தது. காரணம் என் நாத்தனார். என் கணவரின் ஒரே தங்கை, எங்களோடு இருக்கிறவள், குமுளியில் ஒரு மசாலாக் கடையில் வேலை பார்க்கிறாள். அதற்கு முந்தின வருஷம் ஆனியில் அவளைப் பெண் பார்க்க மலைக்குக் கீழேயிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் சோபாவில் உட்கார்ந்து தும்மினார், எழுந்து சன்னல் திரையை முகர்ந்தார், மறுபடி தும்மினார். தரகர் மூலம் பதில் வந்தது: பொண்ணு லட்சணம்தான், வீடுதான் பூசண வாடை அடிக்குது, மலைக்காரங்க சளிக்காரங்க. அந்தப் பையனை இவளுக்குப் பிடிக்காததால் அப்போது எல்லோரும் சிரித்துவிட்டோம்.

இந்தமுறை சிரிக்க முடியவில்லை. கம்பத்திலிருந்து குமுளிக்குக் காய்கறி ஏற்றிவரும் மினி வேன்காரர் ஒருவரும் இவளும் கடை வாசலில் பேசிப் பழகிவிட்டார்கள். அவர் ஊரில் தன் அம்மாவிடம் எதுவும் சொல்லாமல், தரகரின் காதில் போட்டு, தரகர் அந்த அம்மாவின் காதில் போட்டு, அந்த அம்மா "நானே ஒரு பொண்ணு தேடி வச்சிருக்கேன்டா" என்று மகனுக்குச் சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். கெட்டிக்காரர்தான். இது எனக்கு மட்டும் தெரியும். என் கணவருக்குத் தெரியாது. அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "மலை மேலயா வீடு? ஈரமா இருக்குமே?" என்பதுதானாம்.

"மதினி, ஞாயித்துக்கிழமை வர்றாங்க," என்றாள் நாத்தனார், அலமாரியிலிருந்து தன் மாந்தளிர் நிறச் சேலையை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டி. "மோந்து பாருங்க. செத்த எலி தேவலாம். இந்தத் தடவையும் வாடைன்னு எந்திரிச்சுப் போனாங்கன்னா நான் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போயிருவேன்."

"மடத்துலயும் துணி காயாது," என்றேன்.

"சிரிக்காதீங்க. அண்ணன்கிட்டக் கேளுங்க."

கேட்டேன். "ஸ்டோரா, சலவைக்கடையா?" என்றார். மறுபடி கேட்டேன். "முதலாளிக்குத் தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சிருவார்," என்றார். மூன்றாவது முறை கேட்கவில்லை. அடுப்புக்கு மேலிருந்த கொடியில் எல்லார் துணியும் தொங்கியது. அவருடையதை மட்டும் எடுத்துப் பின்பக்கத்து வராந்தாவில் போட்டுவிட்டேன். குளித்துவிட்டு வந்தவருக்கு ஈரத் துண்டைக் கொடுத்தேன். ஈரக் கைலி, ஈரப் போர்வை. உலகிலேயே நன்றாகக் காய்ந்த அறையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வருகிற மனிதர், வீட்டில் தவளையைப்போல வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை காலையில் நசநசத்த பனியனைப் பிழிந்துகொண்டே இறங்கி வந்தார்.

"நாளைக்கு மத்தியானம் ஒரு லோடு எறக்குறேன். அடுத்த பச்சைக்காய் வர சாயங்காலம் ஆகும். நடுவுல அறை சும்மாதான் கெடக்கும். அவ சேலை, சன்னல் திரை, சோபா உறை. அவ்வளவுதான். வேற ஒரு கைக்குட்டை உள்ள வந்துச்சு, அப்புறம் தெரியும்."

"யார்ட்டயும் சொல்ல மாட்டோம்," என்றேன்.

சொல்லவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. எங்கள் வீட்டுச் சன்னலில் திரை இல்லாததைப் பார்த்தாள், நாங்கள் இருவரும் பொதியோடு ஸ்டோர்ப் பக்கம் போவதைப் பார்த்தாள், கணக்குப் போட்டுவிட்டாள். லயத்தில் சன்னலுக்குத் திரை போட்ட வீடு எங்களுடையது ஒன்றுதான். கௌரவத்துக்காக நான் தைத்தது. அந்தக் கௌரவமே காட்டிக்கொடுத்துவிட்டது. நாங்கள் ஸ்டோர் கதவை எட்டும்போது பின்னால் குடைகளின் ஊர்வலம். பள்ளிச் சீருடை, கம்பளி, கைக்குழந்தையின் துணி, போர்வை, எல்லாம் ஈரமாக.

"டீச்சரே, உங்களுக்கு மட்டும்தானா சூடு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கைக்குழந்தையின் துணியைப் பார்த்தார். அங்கேதான் அவர் தோற்றார்.

ஆனால் வேதத்தை விடவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "ஒவ்வொண்ணாக் குடுங்க, மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன்," என்றார். ஏலக்காயை உள்ளங்கையில் வைத்து முகர்வதைப்போல ஒவ்வொரு துணியையும் மூக்கருகே கொண்டுபோனார். "இதுல தேங்காயெண்ணெய். வெளிய." "இது மீன். வெளிய." "யாரு இது, பாச்சா உருண்டை போட்டது? எடுத்துட்டுப் போங்க." "இது நல்லாருக்கு. முதல் தரம்." முதல் தரம் என்று சொல்லப்பட்ட போர்வைக்காரி பரிசு வாங்கியவளைப்போலச் சுற்றிலும் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுக்காரியின் முறை வந்தது. அவர் துணியை வாங்கி முகர்ந்துவிட்டுத்தான் அது என்ன துணி என்று கவனித்தார்.

"தம்பி, என் உள்பாவாடைய மோந்து பாத்த முதல் ஆம்பள நீதான்," என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கும்படி. "எங்க வீட்டுக்காரர் இத்தன வருஷத்துல பாத்ததில்ல. எந்தத் தரம்னு சொல்லிரு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் மழைச் சத்தம் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் எதையும் முகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் உள்ளே விட்டார். காய்த்தட்டுகள் அடுக்கும் சட்டங்களில் லயத்தின் மானம் முழுக்க வரிசையாகத் தொங்கியது.

எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்தும்விட்டது. சிக்கல் மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் போட்டதில் வந்தது. காற்று பலத்ததால் பறிக்கிறவர்களைச் சீக்கிரமே மேலே ஏறச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் வர வேண்டிய பச்சைக்காய் முன்னதாகவே வாசலுக்கு வந்துவிட்டது. கூடவே உலர்ந்த காயை ஏற்றிப்போக முதலாளியின் ஜீப்பும் வந்து ஆரனை அடித்தது. இருட்டினால் மலைப்பாதையில் வண்டி ஓடக்கூடாது என்று கலெக்டர் உத்தரவு, அதனால் டிரைவருக்கு அவசரம். பெண்கள் அவரவர் துணியை வாரிச் சுருட்டிக் குடைக்குள் அணைத்துக்கொண்டு ஓடினார்கள். எங்கள் துணியை மட்டும் என் கணவர் யாரையும் தொடவிடவில்லை. தங்கையின் சேலையில் ஒரு சொட்டு விழக்கூடாதாம். மழையில் நனையாமல் ஒரு பொருளைக் கொண்டுபோக அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், காயைக் கட்டுகிற வழி. சாக்குக்குள் பிளாஸ்டிக் உறை விட்டு, அதில் துணியை அமுக்கி, காற்றுப் போகாமல் முறுக்கி, சணலால் கட்டி, மற்ற மூட்டைகளோடு வராந்தாவில் வைத்துவிட்டு, பச்சைக்காயைப் பரப்ப உள்ளே போய்விட்டார்.

ஜீப் போனபின் வராந்தாவில் ஒரு சின்ன மூட்டை மிஞ்சியிருந்தது. அதை நானும் பக்கத்து வீட்டுக்காரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம்.

"சேலையும் திரையும் இவ்வளவு கனமா இருக்குமா டீச்சரே?" என்றாள் வழியில்.

"நல்லாக் காஞ்ச துணி கனக்கத்தான் செய்யும்," என்றேன். நான் டீச்சர் என்பதால் அவள் நம்பினாள். நான் சொன்னதால் நானும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்தால் உள்ளே பச்சைப்பசேலென்று ஏலக்காய். கடைசியாக மிஞ்சிய காயைக் கட்டிய அரை மூட்டை அது. நாத்தனார் கையை உள்ளே விட்டு அடிவரை துழாவினாள், அடியிலாவது சேலை இருக்குமென்று. அதற்குள் வந்து சேர்ந்த என் கணவர் பழக்கதோஷத்தில் ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "நல்ல பச்சை," என்றார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, காய் இங்க இருக்கு. என் சேலை எங்க இருக்கு?"

"குமுளில. முதலாளி குடோன்ல. திங்கக்கிழமை வந்து மூட்டையெல்லாம் அவுத்துப் பாப்பாரு."

"என்னைய நாளைக்குப் பாக்க வர்றாங்க."

வெளியே காற்று வாழையைச் சாய்க்கும் சத்தம் கேட்டது. வண்டி எதுவும் இறங்க முடியாது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"யாருக்குப் போடுற?"

"மாப்பிள்ளைக்கு."

"எந்த மாப்பிள்ளைக்கு?"

"நாளைக்கு வர்றவருக்குத்தான். குடோன் வாட்ச்மேன் அண்ணனை எங்க கடையில எல்லாருக்கும் தெரியும், நான் சொன்னா மூட்டையக் குடுப்பாரு. குமுளி, மாப்பிள்ளை வர்ற வழிதான?"

"அவரு நம்பர் உன்ட்ட எப்படி..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்தார். நான் ஏலக்காயில் காம்பு இருக்கிறதா என்று அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை. சன்னல்களில் திரை இல்லை, சோபாவுக்கு உறை இல்லை. பஞ்சில் ஏறிய ஈரம் வீடெல்லாம் மணத்தது. சாம்பிராணி போட்டுப் பார்த்தோம். பூசண வாடையோடு சாம்பிராணி வாடையும் சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரி பெருந்தன்மையாகத் தன் சேலையையும் ரவிக்கையையும் கொண்டுவந்தாள். அந்த ரவிக்கைக்குள் என் நாத்தனார் இரண்டு பேர் நுழையலாம். கடைசியில் வேலைக்குப் போட்டுப்போகும் சுடிதாரோடு அவள் அடுப்படியில் நின்றாள். மாப்பிள்ளை மூட்டையைப் பின்வாசல் வழியாகத் தருவார், அவள் நிமிடத்தில் சேலை மாற்றிக்கொள்வாள் என்று ஏற்பாடு.

வேன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் இறங்கி வந்தார். நல்ல வெயில் ஊர்க்காரர் என்பது நடையிலேயே தெரிந்தது. தரையை அப்படி ஊன்றி மிதித்தார். சோபாவில் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"பூசண வாடை அடிக்குது," என்றார்.

அடுப்படியில் நாத்தனார் என் கையைக் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

"டேய், அந்த மூட்டைய இப்படிக் கொண்டா," என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். பின்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளை திருட்டுமுழி முழித்தபடி முன்வாசலுக்கு வந்து மூட்டையை வைத்தார். "வேனுக்குப் பின்னாடி ஒழுகுதுன்னு எங்கால்மாட்டுல வச்சுட்டான். என்னடான்னா ஏலக்காய்ங்கிறான். விக்கிற வெலைக்குப் பாயசத்துக்கு ரெண்டு எடுப்பமேன்னு வழியில அவுத்தேன். வாசமும் ஏலக்காய் வாசந்தான். ஆனா இந்த நெறத்துல நான் காய் பாத்ததில்ல."

மூட்டைக்குள் கைவிட்டு அவர் முதலில் தூக்கிக் காட்டியது நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட ஒரு பட்டாபட்டி டவுசர்.

"உங்களுதா தம்பி?"

ஒரு கைக்குட்டைகூடக் கூடாது என்று சொன்ன என் கணவர் கூரையில் ஒழுகும் இடத்தைக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். ஓடு மாற்ற வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒருநாளும் அப்படிக் கவனித்ததில்லை.

அடுத்து மாந்தளிர்ச் சேலை வந்தது. அந்த அம்மா அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். "இது பொண்ணோடதா?" என் கணவர் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினார். "சரி. பொண்ணோட சேலை எந்தக் குடோன்ல இருக்குன்னு என் மகனுக்கு எப்படித் தெரியும்?"

முறுக்குத் தட்டோடு வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரி உதவிக்கு வந்தாள். "அது என்னன்னாம்மா, மலையில சேதி சீக்கிரம் பரவும்."

"மலையில போன் டவரே கெடைக்காதுன்னுல்ல இவன் சொன்னான்? அதான் ராத்திரியில மொட்டை மாடிக்குப் போயிப் பேசுறதா?" மாப்பிள்ளை காலடியில் இருந்த கால்மிதியைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் எழுத்து ஒன்றும் இல்லை. "நான் ஊரெல்லாம் நாந்தான் தேடிப் புடிச்ச பொண்ணுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறேன். இவன் என்னையவே தரகராக்கிட்டான்."

மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு எழுந்தார். போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நாத்தனாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள், பழைய சுடிதாரோடு, அழுத மூக்கோடு. அந்த அம்மா அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வாடான்னா போர்வைய இழுத்து மூடுற பய இவன். இன்னைக்கு விடியுமுன்ன உன் சேலைக்காக வண்டியெடுத்துட்டான். நான் வேண்டாம்னா கேக்கவா போறான்?"

"வீடு வாடை அடிக்குதுங்கம்மா," என்றாள் இவள், குற்றத்தை ஒப்புக்கொள்வதைப்போல.

"அடிக்கத்தான் செய்யுது. நீ வீட்டோடவா வரப்போற? இந்தா, இதைக் கட்டிட்டு வா. பொண்ணு பாக்க வந்திருக்கேன். மூட்டை பாக்க வரல."

அவள் கட்டிக்கொண்டு வந்தாள். மழைக்காலத்தில் அப்படி விறைப்பாக மடிப்பு நின்ற சேலையை எங்கள் லயம் அதற்குமுன் பார்த்ததில்லை. காபி கொடுத்தாள். பூ வைத்தார்கள். கல்யாணம் தை மாதம், கம்பத்தில், நல்ல வெயிலில் என்று முடிவானது. அந்த அம்மா இன்னொரு நிபந்தனையும் போட்டார். மூட்டைக் கதை மலையிறங்கி ஊருக்குள் வரக்கூடாது. அப்படியே என்று வாக்குக் கொடுத்தேன். இதை நான் மலை மேலிருந்துதான் எழுதுகிறேன்.

காய் மூட்டை அதே வேனில் குடோனுக்குத் திரும்ப வேண்டும். ஏற்றும் முன் அந்த அம்மா, "அவுத்துக் காட்டுங்க. இந்த வீட்டு மூட்டைய நம்ப முடியாது," என்றார். என் கணவர் அவிழ்த்துக் காட்டினார். ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார் சம்பந்தியம்மா. வாழ்நாளில் ஒரு காயைக்கூட வெளியே விடாத மனிதர், "எடுத்துக்கங்க. காயக் காய எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும்," என்றார்.

வேன் வளைவில் திரும்பி மறையும்வரை நாத்தனார் குடையில்லாமல் முற்றத்தில் நின்றாள். சேலை தொப்பலாக நனைந்து காலில் ஒட்டிக்கொண்டது.

"இதைக் காயப்போடணும்னு இனிமே ஸ்டோர்ப் பக்கம் வந்துறாத," என்றார் அவள் அண்ணன்.

"வரலண்ணே," என்றாள் அவள், வளைவையே பார்த்தபடி. "கம்பத்துல போய்க் காயப்போட்டுக்கிறேன்."